முள் சொல்வது மெய்யா, பொய்யா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் ஒரே மாதிரி பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். "பெட்ரோல் முள் பாதிக்கு மேல் ஏறாது, அது அப்படித்தான்." "டெம்பரேச்சர் முள் அடியிலேயே கிடக்கும், ஆனால் வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது." இப்படிச் சொல்லிக்கொண்டே ஐந்து வருடம், பத்து வருடம் ஓட்டிவிடுவார்கள். பெட்ரோல் முள் பொய் சொன்னால் நஷ்டம் பெரிதில்லை. வழியில் நின்று, போத்தலில் எண்ணெய் வாங்கி வந்து ஊற்ற வேண்டியிருக்கும். டெம்பரேச்சர் முள் பொய் சொன்னால் எஞ்சினே போய்விடலாம்.

1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகா, அதன் பிறகு வந்த இஸ்வாரா, வீரா, 1994இல் வந்த பெரோடுவா கஞ்சில் போன்ற வண்டிகள் இன்னமும் நம் தாமான்களிலும் தோட்டப்புறங்களிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மிட்சுபிஷி வழி வந்த சாகா, வீரா எஞ்சின்களில் பிளாக் இரும்பு, மேலே உள்ள ஹெட் அலுமினியம். தண்ணீர் இல்லாமல் சூடேறினால் முதலில் வளைவது அந்த ஹெட்தான். பிறகு ஹெட் கேஸ்கெட் போகும். தண்ணீர் எஞ்சின் ஆயிலோடு கலந்து, ஆயில் தே தாரிக் நிறத்துக்கு மாறிவிடும். அந்த வேலைக்கு ஆகும் செலவில் டெம்பரேச்சர் சென்சர் எத்தனையோ வாங்கலாம். வண்டியின் விலையையே எட்டிவிடும் பில்லைப் பார்த்து, காரை அப்படியே பழைய இரும்புக்குப் போட்டவர்களும் உண்டு.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தை விட்டுச் சென்ற சாகாவில் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒரே நாளில் கெட்டுப்போயினவாம். டேங்க் பாதிதான் இருக்கிறது. முள் நிறைந்ததாகக் காட்டுகிறது. எஞ்சினைப் போட்ட சில நிமிடங்களில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டுக்குப் போகிறது. "மீட்டர் பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும்" என்று பட்டறையில் சொல்லிவிட்டார்களாம். மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது என்ன என்பது அவருடைய கேள்வி. பதில் அவருக்கு மட்டும் உதவுவதல்ல என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முள் எப்படி நகர்கிறது?

பழைய கார் மீட்டர்கள் பலவற்றில் முள்ளை அசைப்பது சூடுதான். இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு சிறு தகடும், அதைச் சுற்றி மெல்லிய கம்பியும் உள்ளே இருக்கும். கம்பியில் மின்சாரம் ஓடினால் தகடு சூடாகி வளையும், முள் ஏறும். மின்சாரம் குறைந்தால் தகடு நிமிரும், முள் இறங்கும். சாவியைப் போட்டதும் இந்த முட்கள் துள்ளாமல், மெதுவாக நகர்வது இதனால்தான். அது கோளாறு அல்ல.

எவ்வளவு மின்சாரம் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்வது சென்சர். டெம்பரேச்சர் சென்சர் எஞ்சினில் தண்ணீர் ஓடும் இடத்தில் திருகப்பட்டிருக்கும். தண்ணீர் சூடாக ஆக அதன் தடை குறையும், மின்சாரம் கூடும், முள் ஏறும். பெட்ரோல் டேங்கில் ஒரு மிதவை இருக்கிறது. ஜப்பானிய வழி வந்த கார்கள் பலவற்றில் டேங்க் நிறைந்திருந்தால் தடை சில ஓம் மட்டுமே. காலியானால் நூற்றுச் சொச்சம் ஓம். ஆக இரண்டு மீட்டருக்கும் கணக்கு ஒன்றுதான்: தடை குறைந்தால் முள் ஏறும், தடை கூடினால் முள் இறங்கும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. சென்சர் வயர் அறுந்துபோனால் முள் அடியிலேயே கிடக்கும். அதே வயர் தோல் உரிந்து காரின் உடம்பில் பட்டால் முள் உச்சியில் போய் நிற்கும். பரிசோதனை எல்லாம் இதை வைத்துத்தான்.

இரண்டு முள்ளும் சேர்ந்து கெட்டால்

டேங்கில் உள்ள மிதவையும் எஞ்சினில் உள்ள சென்சரும் ஒரே நாளில் கெடுவது மிக அபூர்வம். இரண்டும் சேர்ந்து தடுமாறினால் இரண்டுக்கும் பொதுவானதைத் தேட வேண்டும். பொதுவானவை மூன்று: ஃபியூஸ், எர்த், மீட்டருக்குள் இருக்கும் ரெகுலேட்டர்.

பேட்டரி மின்சாரம் நிலையாக இருக்காது. எஞ்சின் நிற்கும்போது 12 வோல்ட்டுக்குச் சற்று மேல், ஓடும்போது 14 வோல்ட் அளவுக்கு. இதை நேராகக் கொடுத்தால் முள் ஏறி இறங்கும் என்பதால், பழைய கார்களில் ஒரு சிறிய ரெகுலேட்டர் அதைக் குறைத்து, நிலைப்படுத்திக் கொடுக்கிறது. காரைப் பொறுத்து அது சுமார் 7 வோல்ட் அல்லது 10 வோல்ட். சில கார்களில் அது பெட்ரோல் மீட்டருக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும்.

இரண்டு முள்ளும் செத்துக் கிடந்தால் முதலில் ஃபியூஸ். பார்க்க நன்றாகத் தெரியும் ஃபியூஸும் காலில் பச்சை பூத்துக் கிடக்கலாம். கழற்றித் துடைத்து மீண்டும் செருகுங்கள். இரண்டு முள்ளும் அளவுக்கு மேல் ஏறினால் ரெகுலேட்டர் ஒட்டிக்கொண்டு முழு மின்சாரத்தையும் விடுகிறது, அல்லது மீட்டர் பெட்டியின் எர்த் விட்டுப்போயிருக்கிறது. வாசகரின் சாகாவில் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம்.

எர்த்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி. எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போடுங்கள், பிறகு சிக்னலைப் போடுங்கள். விளக்கு போட்டதும் முள் நகர்ந்தாலோ, சிக்னலோடு சேர்ந்து முள்ளும் ஆடினாலோ எர்த் சரியில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் உடம்பில் திருகியிருக்கும் எர்த் வயரைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிவிட்டால் போதும். நம் நாட்டு ஈரக் காற்றில் இந்தத் துரு சகஜம். வெள்ளத்தில் ஒருமுறை நனைந்த காராக இருந்தால் முதல் சந்தேகமே எர்த் மீதுதான் போக வேண்டும்.

எர்த் நன்றாக இருந்தும் இரண்டு முள்ளும் உச்சியில் நின்றால் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். அதைத் தனியாக மாற்றித் தர கார் மின்சார வேலை தெரிந்தவர்களால் முடியும். மீட்டர் பெட்டி முழுவதையும் மாற்றுவது கடைசி வழி.

ஆனால் ஒன்று. மீட்டர்தான் பொய் சொல்கிறது என்று உறுதியாகும்வரை, சிவப்புக் கோட்டில் நிற்கும் முள்ளை மெய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் தண்ணீரைப் பாருங்கள். விசிறி சுற்றுகிறதா, பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

டெம்பரேச்சர் முள் மட்டும் அடியில் கிடந்தால்

இதற்குக் காரணங்கள் நான்கு. நான்கையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தண்ணீர் குறைவு. சென்சர் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் இறங்கிப்போய் சென்சர் காற்றில் நின்றால், எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கலாம். இதுதான் மிக ஆபத்தான பொய். ஏறிக்கொண்டிருந்த முள் மலைப்பாதையில் திடீரென இறங்கினால் "நல்லவேளை, ஆறிவிட்டது" என்று நினைத்து அழுத்தி ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்துங்கள்.

இரண்டாவது, தெர்மோஸ்டாட். எஞ்சின் சுமார் 82 முதல் 88 டிகிரி வரை சூடான பிறகே திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் சிறு கதவு அது. "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்று பட்டறைகள் பலவற்றில் அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். கழற்றினால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். நெடுஞ்சாலையில் முள் கீழேயே நிற்கும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஓடவிட்டு, ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். விசிறியும் பெல்ட்டும் கையில் படாமல் கவனம். சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடானால் தெர்மோஸ்டாட் நலம். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் அது திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது அங்கே இல்லவே இல்லை.

மூன்றாவது, வயர். எஞ்சின் சூட்டில் வயரின் தோல் காய்ந்து நொறுங்கும். எலி கடிப்பதும் உண்டு. எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து, சென்சரிலிருந்து வயரைக் கழற்றுங்கள். டேஷ்போர்டில் போடும் 3.4 வாட் சிறு பல்பு ஒன்றை எடுத்து, அதன் ஒரு முனையை அந்த வயரிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் தொடுங்கள். முள் ஏறினால் மீட்டரும் வயரும் நலம், குற்றவாளி சென்சர். முள் அசையாவிட்டால் வயரிலோ மீட்டரிலோ கோளாறு. பல்பு இல்லாமல் வயரை நேராக இரும்பில் வைத்துக்கொண்டே இருக்கக் கூடாது. மீட்டருக்குள் இருக்கும் கம்பி எரிந்துவிடும்.

நான்காவது, சென்சர். கழற்றிய சென்சரை வெந்நீரில் வைத்து, அதன் முனைக்கும் உடம்புக்கும் இடையே மல்டிமீட்டரில் தடையைப் பாருங்கள். நீர் சூடானால் தடை சீராகக் குறைய வேண்டும். இங்கே இரண்டு இடங்களில் பட்டறைக்காரர்களே சறுக்குவதுண்டு. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் தண்ணீரின் சூட்டைப் பார்க்கும் சென்சர்கள் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். இரண்டு வயர் உள்ளது பெரும்பாலும் எஞ்சின் கணினிக்குத் தகவல் தருவது. மீட்டருக்குரியது பெரும்பாலும் ஒற்றை வயர். தவறான சென்சரை மாற்றிவிட்டு "மீட்டர்தான் போய்விட்டது" என்று சொல்லிவிடுவார்கள். இன்னொன்று, குழாய்க்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப். ஒற்றை வயர் சென்சருக்கு அதன் மரைதான் எர்த். மரை முழுவதும் டேப்பைச் சுற்றித் திருகினால் எர்த் கிடைக்காது, முள் கீழே நிற்கும்.

பெட்ரோல் முள்

டேங்க் நிறைந்திருக்கும்போது சரியாகக் காட்டி, பாதியில் சட்டென்று விழுந்து, மீண்டும் எழும் முள்ளுக்குக் காரணம் மிதவையின் தேய்ந்த தடம். வீட்டுக்கும் வேலைக்கும் இடையே டேங்கைப் பாதிக்கும் காலுக்கும் நடுவிலேயே வைத்து ஓட்டினால், அந்த ஒரு பகுதி மட்டும் தேய்கிறது. எப்போதும் காலி என்றே காட்டினால் வயர், எர்த் அல்லது துளை விழுந்து மூழ்கிய மிதவை. எப்போதும் நிறைந்ததாகவே காட்டினால் வயர் எங்கோ உடம்பில் படுகிறது, அல்லது மிதவை மேலே சிக்கியிருக்கிறது.

பல கார்களில் பின் இருக்கைக்கு அடியிலோ, பூட்டின் கம்பளத்துக்கு அடியிலோ ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்தால் டேங்கின் வயர் இணைப்பு தெரியும். மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் அத்தோடு மூடிவிட்டு பட்டறைக்குப் போய்விடுங்கள். அங்கே வயரைத் தொட்டுப் பார்ப்பதே தீப்பொறிக்கு வழி. டேங்கைத் திறந்து மிதவையை வெளியே எடுப்பதும் வீட்டு முற்றத்தில் செய்யும் வேலை அல்ல. நீங்கள் செய்யக் கூடியது வயர் இணைப்பைத் துடைப்பதும், எர்த் வயரை இறுக்குவதும்தான். பாதிப் பிரச்சினைகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

சரிசெய்யும்வரை டிரிப் மீட்டரை நம்புங்கள். டேங்கை நிரப்பியதும் பூஜ்யத்துக்குத் திருப்பி, எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று இரண்டு முறை குறித்துவைத்தால் உங்கள் வண்டியின் கணக்கு தெரிந்துவிடும். பத்து வெள்ளிக்குப் போட்டுப் போட்டு ஓட்டுவது பணத்தை மிச்சப்படுத்தாது. பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் இருக்கும் வண்டிகளில் அந்தப் பம்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். டேங்க் எப்போதும் வறண்டு கிடந்தால் பம்பின் ஆயுள் குறையும்.

ஸ்பீடோமீட்டர்

கேபிள் வைத்த ஸ்பீடோமீட்டரில் முள் துடித்தாலோ, டிக் டிக் என்று சத்தம் வந்தாலோ கேபிள் உள்ளே காய்ந்திருக்கிறது அல்லது எங்கோ கூர்மையாக மடிந்திருக்கிறது. கழற்றித் துடைத்து, கேபிளுக்குரிய கிரீஸைக் கொஞ்சமாகத் தடவலாம். மீட்டருக்குப் பக்கத்து முனையில் அதிகம் தடவினால் கிரீஸ் மீட்டருக்குள் ஏறிவிடும். முள் அறவே அசையாமல், கிலோமீட்டரும் ஓடாமல் நின்றால் கேபிள் அறுந்திருக்கலாம். முள் மட்டும் நின்று கிலோமீட்டர் ஓடினால் கோளாறு மீட்டருக்குள். பிற்கால வண்டிகளில் கேபிளுக்குப் பதில் கியர்பாக்ஸில் ஒரு சென்சர் இருக்கும்.

முள் சரியாகக் காட்டுகிறதா என்பதைக் கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒப்பிடலாம், பார்ப்பது பக்கத்தில் அமர்ந்திருப்பவராக இருக்கட்டும். உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. குறைத்துக் காட்டினால்தான் கவலை. 110 கிலோமீட்டர் வரம்புள்ள நெடுஞ்சாலையில் "முள் 110தான் காட்டியது" என்பது கேமராவிடம் செல்லாது. அளவு மாறிய டயர் போட்டிருந்தாலும் இந்தக் குறை வரும்.

முள் இல்லாத விளக்குகள்

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் சிவப்பு விளக்குகள் எரிய வேண்டும். எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாத விளக்கு நலமாக இருக்கிறது என்று பொருள் அல்ல. பல்பு போயிருக்கலாம். ஆபத்து வரும்போது எச்சரிக்க அங்கே ஆள் இல்லை என்று பொருள்.

ஆயில் விளக்கு ஓடும்போது எரிந்தால் அடுத்த பெட்ரோல் நிலையம் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது. பாதுகாப்பாக ஓரங்கட்டி எஞ்சினை உடனே நிறுத்துங்கள். ஆயில் குச்சியைப் பாருங்கள். ஆயில் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் வண்டியை இழுத்துச் செல்வதுதான் சரி. அது சுவிட்ச் கோளாறா, உண்மையிலேயே அழுத்தம் இல்லையா என்பதைப் பட்டறையில் தனி மீட்டர் பொருத்திப் பார்ப்பார்கள்.

பேட்டரி விளக்கு எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை. பழைய கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பேட்டரி விளக்கு எரிந்து, கூடவே டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே நிறுத்த வேண்டும். நெடுஞ்சாலையாக இருந்தால் குடும்பத்தாரைக் காரில் உட்கார வைக்காமல், தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்க வையுங்கள்.

மீட்டர் பெட்டியை மாற்றத்தான் வேண்டும் என்றால்

அரைவெட்டுக் கடையில் பழைய மீட்டர் பெட்டி கிடைக்கும். ஆனால் அதோடு வேறொரு காரின் கிலோமீட்டர் கணக்கும் வந்து சேரும். மாற்றும் நாளில் இரண்டு மீட்டர்களின் எண்களையும் படம் எடுத்து, பட்டறை பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாளை காரை விற்கும்போது வாங்குபவரிடம் காட்ட வேண்டும். அது நேர்மை, உங்கள் மீது சந்தேகம் விழாமல் காப்பதும் அதுதான். பெட்டியைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள். காற்றுப்பை உள்ள வண்டியானால் வீட்டில் கை வைக்காமல், விவரம் தெரிந்தவரிடம் விடுங்கள்.

சுங்கை சிப்புட் வாசகருக்கு என் யோசனை: முதலில் ஆறிய எஞ்சினில் தண்ணீர், பிறகு ஃபியூஸ், பிறகு ஹெட்லைட் பரிசோதனையும் எர்த்தும், அதற்கும் பிறகு ரெகுலேட்டர். இந்த வரிசையில் பார்த்துத் தரும்படி பட்டறையில் கேளுங்கள். கேட்க மறுத்தால் கார் மின்சார வேலை மட்டும் செய்யும் கடை ஒன்றைத் தேடிப் போங்கள். அதுவரை அந்தச் சாகாவை ஈப்போவுக்கு மேல் எங்கும் ஓட்ட வேண்டாம். கேமரன் மலைப் பக்கம் அறவே வேண்டாம்.

அடுத்த வாரம்: நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறும் கார். ரேடியேட்டர் விசிறியையும் அதன் சுவிட்சையும் பார்ப்போம்.